அனோடைஸ் பூச்சை உரிக்கலாமா? ஷோகேஸ், தராசு, குக்கர் பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை

கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு முன்பாகக் கடையைக் கழுவி, வெள்ளையடித்து, புதுப்பொலிவுடன் வைப்பது நம் வட்டார வணிகர்களின் நெடுநாள் வழக்கம். 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்ததால் இப்பகுதியில் குடியிருப்புகளும் கடைகளும் பெருகின. முன்பு மரச்சட்டம் இருந்த இடத்தில் அலுமினியச் சட்டம் வந்துவிட்டது. ஷோகேஸ், கண்ணாடிக் கதவு, தடுப்பு, கல்லா மேஜையின் ஓரப்பட்டை என எங்கு பார்த்தாலும் அலுமினியம்தான்.

இவற்றில் பெரும்பங்கு அனோடைஸ் செய்யப்பட்டவை. வெள்ளி நிறம், பொன்னிறம், வெண்கல நிறம், கறுப்பு எனப் பல வண்ணங்களில் கிடைக்கின்றன. சில ஆண்டுகள் கழிந்ததும் வண்ணம் மங்குகிறது. வெள்ளைத் திட்டுகள் தோன்றுகின்றன. "பழைய கலரை எடுத்துவிட்டுப் புதிதாக்க வழி உண்டா?" என்பது உறுப்பினர்கள் பலர் கேட்கும் கேள்வி. வேறு சிலர் கேட்பதில்லை. கடையிலேயே இருக்கும் சோடாவையோ ஆசிட்டையோ ஊற்றித் தேய்த்துப் பார்த்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஏற்படும் நட்டம் சோடாவின் விலையைப் போலப் பன்மடங்காக இருக்கிறது.

எனவே இது பற்றி விளக்கமாக எழுதுவது நம் கடமை எனக் கருதுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அனோடைஸ் என்பது மேலே தடவிய பெயிண்ட் அன்று. அது அலுமினியத்தின் தோல். உரிக்க முடியும். ஆனால் உரிக்கும்போது பொருளின் அளவும் எடையும் சேர்ந்தே குறையும். ஆகவே உரிக்க வேண்டிய இடங்கள் மிகச் சில. உரிக்கவே கூடாத இடங்கள் பல.

அனோடைஸ் என்றால் என்ன?

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைத் தானே போர்த்திக்கொள்ளும். இந்தப் படலம் இருப்பதால்தான் இரும்பைப் போல அது துருவேறி உதிர்வதில்லை. ஆனால் இயற்கைப் படலம் மிக மிக மெல்லியது. ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு கூடத் தேறாது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்தப் படலத்தை மின்சாரத்தின் உதவியால் தடிமனாக வளர்ப்பதே அனோடைஸ் முறை. நீர்த்த கந்தக அமிலத் தொட்டியில் அலுமினியப் பொருளைத் தொங்கவிட்டு, அதை மின்கலத்தின் நேர்முனையோடு இணைத்து மின்சாரம் செலுத்துவார்கள். நேர்முனைக்கு ஆங்கிலத்தில் அனோடு என்று பெயர். அதிலிருந்தே இப்பெயர் வந்தது. 1923ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெங்கோ, ஸ்டூவர்ட் என்னும் இருவர் குரோமிக் அமிலத்தைக் கொண்டு இதனைத் தொழில்முறையாக்கினர். கடல் விமானங்களின் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காப்பதே அவர்களது நோக்கம். சில ஆண்டுகளில் கந்தக அமில முறை வந்தது. இன்று பெரும்பாலும் அதுவே வழக்கில் உள்ளது.

தொட்டியில் வளரும் இப்படலத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள் இருக்கும். அந்தத் துளைகளில் சாயம் ஏற்றி, பின்பு கொதிநீரில் இட்டுத் துளைகளின் வாயை அடைத்துவிடுவார்கள். நாம் காணும் பொன்னிறமும் கறுப்பும் அந்தத் துளைகளுக்குள் தங்கிய நிறமே.

இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1868 என்னும் தரக்குறிப்பு அனோடைஸ் படலத்தைத் தடிமன்படி வகைப்படுத்துகிறது. ஏ.சி. 10, ஏ.சி. 15, ஏ.சி. 25 என்றெல்லாம் குறிப்பிடுவது மைக்ரான் கணக்கில் சராசரித் தடிமனைத்தான். நாம் எழுதும் சாதாரணக் காகிதத்தின் தடிமன் சுமார் 100 மைக்ரான். அப்படியானால் கடைச் சட்டத்தின் மேலுள்ள படலம் காகிதத்தின் தடிமனில் கால் பங்குக்கும் குறைவு.

மெல்லியதாயினும் கடினமானது. அலுமினியம் ஆக்சைடைத்தான் உப்புத்தாள் செய்பவர்கள் தேய்க்கும் மணலாக ஒட்டுகிறார்கள். அதே சரக்குதான் சட்டத்தின் மேல் தோலாக இருக்கிறது. எனவே தேங்காய் நாரால் தேய்த்தால் போகாது. ஆனால் தேய்ப்புக்கு அசையாத இது, சில சாதாரணச் சரக்குகளுக்குக் கரைந்துவிடும்.

எவையெவை இதைக் கரைக்கும்?

அனோடைஸ் படலம் நடுத்தரமான நீரில் எந்தக் கேடும் அடையாது. கடுமையான காரமும் கடுமையான அமிலமும் அதற்குப் பகை. அமிலத்தைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். காரத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. உண்மையில் காரமே அலுமினியத்துக்குப் பெரும் பகைவன்.

நம் கடையிலும் வீட்டிலும் உள்ள காரங்களைப் பாருங்கள். காஸ்டிக் சோடா முதலிடம். அடுத்து சுண்ணாம்பு, சிமெண்ட். பின்பு சலவைச் சோடா. விறகுச் சாம்பலைக் கரைத்த நீரும் காரமே. இவற்றில் காஸ்டிக் சோடா சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். சுண்ணாம்பும் சிமெண்டும் ஈரமாக ஒட்டியிருந்தால் சில மணி நேரத்தில் கறையை உண்டாக்கும். சலவைச் சோடாக் கரைசலும் சாம்பல் நீரும் ஊறவிட்டால் மெல்ல மெல்ல அரிக்கும்.

பல கடைகளில் ஷோகேஸ் சட்டத்தின் மேல் காணப்படும் வெள்ளைத் திட்டுகள் பழமையால் வந்தவையல்ல. வெள்ளையடிக்கும்போது தெறித்த சுண்ணாம்பும், தரை போடும்போது தெறித்த சிமெண்டுப் பாலும் தோலைத் தின்ற இடங்கள் அவை. அந்த இடத்தில் அழுக்கு ஏறவில்லை; படலம் போய்விட்டது. எனவே எவ்வளவு தேய்த்தாலும் அந்தத் திட்டு மறையாது. ஆத்திரத்தில் மேலும் சோடா போட்டுத் தேய்த்தால் திட்டு பெரிதாகும்.

அமிலங்களில் கழிப்பறை கழுவும் ஆசிட் மிகக் கெடுதி. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் படலத்தின் பலவீனமான இடங்களில் புகுந்து உலோகத்தில் சிறு சிறு குழிகளை உண்டாக்கும். தரை கழுவ ஊற்றிய ஆசிட் ஷோகேஸின் கீழ்ச் சட்டத்தில் பட்டு அரித்திருப்பதை நாம் பல கடைகளில் காணலாம்.

மேட்டூர் தரும் பாடம்

காரம் அலுமினியம் ஆக்சைடைக் கரைக்கும் என்பது புதுச் செய்தியன்று. உலகெங்கும் அலுமினியம் எடுப்பதே இந்த உண்மையை வைத்துத்தான். நமது மாநிலத்தில் மேட்டூரில் 1965ஆம் ஆண்டு முதல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி அலுமினியம் உற்பத்தி செய்தது. சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய பாக்சைட் கல்லை அங்கே கொண்டுவந்து பொடியாக்கி, சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் இட்டார்கள். கல்லிலுள்ள அலுமினியம் ஆக்சைடு கரைந்துவிடும். செம்மண் போன்ற மீதி அடியில் தங்கிவிடும். கரைந்ததை மீண்டும் பிரித்தெடுத்து, மின்சாரத்தால் உலோகமாக்கினார்கள். அந்த உருக்காலை 2008ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.

மலையிலிருந்து வெட்டிய கல்லையே கரைக்கும் சரக்கு, 20 மைக்ரான் தோலை விட்டுவைக்குமா? ஷோகேஸ் சட்டத்தில் காஸ்டிக் சோடா செய்வது மேட்டூர் ஆலை செய்த அதே வேலையைத்தான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பாக்சைட்டில் உலோக அலுமினியம் இல்லை. நம் சட்டத்திலோ தோலுக்கு அடியில் உலோகம் இருக்கிறது. தோல் கரைந்து முடிந்ததும் காரம் நின்றுவிடாது. உலோகத்தையும் கரைக்கத் தொடங்கும்.

தொழிற்கூடங்களில் உரிக்கும் முறை

சென்னை, ஓசூர், பெங்களூர் போன்ற தொழில் நகரங்களில் அனோடைஸ் செய்யும் கூடங்கள் உள்ளன. நிறம் சரியாக ஏறாத பொருள்களை மறுபடி செய்ய அவர்களே உரிக்க வேண்டியிருக்கும். இரண்டு முறைகள் அவர்களிடம் உண்டு.

முதலாவது காஸ்டிக் முறை. லிட்டருக்கு 50 கிராம் அளவில் காஸ்டிக் சோடா கரைத்து, 50 அல்லது 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அதில் பொருளை மூழ்கவிடுவார்கள். முதலில் அதிகக் குமிழி வராது. அப்போது ஆக்சைடு கரைகிறது. பிறகு திடீரென நுரைத்துக் குமிழி கிளம்பும். தோல் போய்விட்டது, காரம் உலோகத்தைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். தேர்ந்த வேலையாள் அந்தக் கணமே பொருளை வெளியே எடுத்து நீரில் அலசிவிடுவார். பொருளின் மேல் கறுத்த மசி போன்ற படிவு நிற்கும். அதை நைட்ரிக் அமிலக் கரைசலில் இட்டுப் போக்குவார்கள். பின்பு மெருகேற்றி, மறுபடி அனோடைஸ் செய்வார்கள்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. படலம் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் கரையாது. ஓரங்களில் முதலில் போய்விடும், பள்ளங்களில் தங்கும். பள்ளத்தில் தங்கியதைக் கரைக்கக் காத்திருந்தால் ஓரத்தில் உலோகம் அரிக்கப்படும். அதனால் பளபளப்பு போய், மேற்பரப்பு சொரசொரப்பாகும்.

இரண்டாவது முறை, பாஸ்பாரிக் அமிலமும் குரோமிக் அமிலமும் கலந்த சூடான கரைசலில் இடுவது. இது ஆக்சைடை மட்டும் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. படலத்தின் எடையைத் துல்லியமாக அளக்கும் சோதனைச் சாலைகளில் இம்முறையே வழக்கம். உரிப்பதற்கு முன்பும் பின்பும் எடை போட்டு, படலம் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள்.

உலோகத்துக்கு நல்லது, ஆனால் ஊருக்குக் கெடுதி. குரோமிக் அமிலத்தில் உள்ள குரோமியம் புற்றுநோய் தரும் வகையைச் சேர்ந்தது. நமக்கு அண்மையிலுள்ள ராணிப்பேட்டையே இதற்குச் சான்று. அங்கே 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச் சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. அதிலிருந்து கசிந்த குரோமியம் சுற்றுவட்டார நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கடந்தும் அது தீராத பிரச்சினையாகவே நீடித்தது. இத்தகைய கரைசலைக் கடையிலோ கொல்லைப்புறத்திலோ வைத்துப் பார்ப்பது எண்ணிப் பார்க்கவும் கூடாத செயல்.

இவ்வகைக் கூடங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்று, கழிவுநீரைச் சமன்செய்த பிறகே வெளியேற்ற வேண்டும். நம் சாக்கடையில் ஊற்றினால் அது போய்ச் சேருமிடம் நம் ஏரியும் கிணறும்தான்.

வீட்டு முறையில் செய்தால் என்ன ஆபத்து?

காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தொட்டால் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு கிராம் அலுமினியம் முழுதும் கரைந்தால் ஒன்றேகால் லிட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பொறி பட்டால் எரியும். கதவடைத்த கடைக்குள், பக்கத்தில் ஊதுவத்தியோ காமாட்சி விளக்கோ எரியும்போது இந்த வேலையைச் செய்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அத்துடன் கரைசல் தானாகவே சூடேறும். சூடேறச் சூடேற வேகம் கூடும். வேகம் கூடக் கூடச் சூடு ஏறும். கொதித்துப் பொங்கித் தெறிக்கும். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அமிலம் பட்டால் உடனே சுரீரென எரியும், கையை இழுத்துக்கொள்வோம். காரம் முதலில் வழவழவென்றுதான் இருக்கும். வலி தெரிவதற்குள் ஆழமாக இறங்கிவிடும்.

காஸ்டிக் சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் கரைப்பது மிகப் பெரிய தவறு. பாத்திரமே கரைந்து ஓட்டை விழும். எந்த வேலைக்காயினும் தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும். மூலைகளில் கை புகாது. மூக்கு, வாய்க்குத் துணி கட்டிக்கொள்ள வேண்டும். நுண்ணிய அலுமினியத் தூள் தீப்பற்றக்கூடியது ஆகையால் தூளைச் சேரவிடாமல் அவ்வப்போது அள்ளிவிட வேண்டும்.

தராசுத் தட்டு: எச்சரிக்கை

மளிகை வணிகர்கள் இந்தப் பகுதியைத் தனிக் கவனத்துடன் படிக்க வேண்டுகிறோம். சில மேஜைத் தராசுகளில் அலுமினியத் தட்டு உண்டு. வெல்லம், புளி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தட்டைச் சோடாவில் ஊறவைத்துக் கழுவுவோர் உண்டு.

ஒரு கணக்குப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டின் ஒரு பக்கப் பரப்பு சுமார் 700 சதுர சென்டிமீட்டர். இரு பக்கமும் சேர்த்து 1400. அதன்மேல் 20 மைக்ரான் படலம் இருந்து, அது முழுதும் கரைந்தால் குறையும் எடை சுமார் 7 கிராம். சரக்கு வைக்கும் தட்டு 7 கிராம் லேசானால், முள் நடுவில் நிற்க 7 கிராம் சரக்கு கூடுதலாகப் போட வேண்டும். ஒரு நாளில் 100 முறை நிறுத்தால் 700 கிராம் சரக்கு கணக்கில் வராமல் போகும். அது சீரகமாகவோ மிளகாகவோ இருந்தால் நட்டத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எடைக்கல் வைக்கும் தட்டு லேசானால் நிலைமை இன்னும் மோசம். அப்போது வாடிக்கையாளருக்குச் சரக்கு குறைகிறது. நாம் அறிந்து செய்யாவிட்டாலும், ஆய்வுக்கு வரும் அலுவலர் முன் அது குறைந்த எடையே. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அது குற்றமாகும். தராசைப் பழுதுபார்த்தாலும் தட்டை மாற்றினாலும் மறுமுத்திரை பெற்றே பயன்படுத்த வேண்டும். தட்டில் அரிப்பு கண்டால் தாமே ஈயத் துண்டு ஒட்டிச் சமன் செய்யாமல், உரிமம் பெற்ற தராசு பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதே முறை.

மின்னணுத் தராசு வைத்திருப்போர் தமக்கு இந்தத் தொல்லை இல்லை என எண்ண வேண்டாம். மேல்தட்டு எவர்சில்வராக இருந்தாலும், கீழே எடையை உணரும் பாகம் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. சோடா நீர் வழிந்து அதில் இறங்கினால் தராசே பழுதாகும். தட்டைக் கழற்றித் தனியே கழுவி, துடைத்துக் காயவைத்த பின் மாட்ட வேண்டும்.

குக்கரும் கடாயும்

அலுமினியப் பாத்திரத்துக்கும் நம் மாநிலத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1898ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். 1903ஆம் ஆண்டில் அத்தொழில் தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அன்று முதல் அலுமினியம் நம் அடுப்படியில் இருக்கிறது. புளிக்குழம்பையும் ரசத்தையும் அலுமினியப் பாத்திரத்தில் வைத்திருக்கக் கூடாது என்னும் வீட்டுப் பெண்களின் அனுபவமும் அன்றிலிருந்து வந்ததே. புளி அமிலமாகையால் அலுமினியத்தை அரித்து உணவில் சேர்க்கும்.

இதற்குத் தீர்வாக வந்ததே ஹார்டு அனோடைஸ் பாத்திரம். அமிலத் தொட்டியை உறைநிலைக்கு அருகே குளிர்வித்து, அதிக மின்சாரம் செலுத்திப் படலத்தை 25 மைக்ரானுக்கு மேலும், சிலவற்றில் 50 மைக்ரான் வரையிலும் வளர்ப்பார்கள். கருஞ்சாம்பல் நிறம் தானாகவே வரும். அது பெயிண்ட் அன்று.

பாத்திரக் கடை வைத்திருப்போருக்கு வரும் புகார்களில் ஒன்று, "கறுப்புக் குக்கர் உள்ளே வெள்ளையாகிவிட்டது, மட்டமான சரக்கைத் தந்துவிட்டீர்கள்" என்பது. அப்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதைக் கொண்டு கழுவினார்கள் என்பதே. சலவைச் சோடாவில் ஊறவைத்தார்களா? சாம்பல் போட்டுத் தேய்த்தார்களா? பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டார்களா? அந்த இயந்திரத்துக்கான பொடியும் காரமே. இவற்றில் ஒன்று காரணமாக இருக்கக்கூடும். விற்கும்போதே இரண்டு வாக்கியம் சொல்லி அனுப்பினால் இந்தத் தகராறு வராது: "சோடாவும் சாம்பலும் வேண்டாம். சாதாரணப் பாத்திர சோப்பும் மெல்லிய நாரும் போதும்."

வெள்ளையான பாத்திரத்தை மீதித் தோலையும் உரித்து, பளபளவென ஆக்கித் தருமாறு சிலர் கேட்பார்கள். அதற்கு இணங்க வேண்டாம். தோல் போனபின் அது சாதாரண அலுமினியப் பாத்திரமே. சோறு வடிக்கவும் தண்ணீர் காய்ச்சவும் ஆகும். புளிச் சமையலுக்கு ஆகாது. பிரஷர் குக்கரின் வாய் விளிம்பும் மூடியும் பொருந்தும் இடத்தில் அளவு குறைந்தால் ஆவி கசியும். எனவே குக்கரை எந்தக் காரணம் கொண்டும் உரிக்கக் கூடாது.

உரித்தே ஆக வேண்டிய இடங்கள்

இரண்டு இடங்களில் மட்டும் படலத்தை நீக்குவது அவசியமாகும்.

ஒன்று, எர்த் இணைப்பு. அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஷோகேஸில் விளக்கு இருக்கிறது, குளிர்பதனப் பெட்டியோடு சட்டம் சேர்ந்திருக்கிறது என்றால் சட்டத்துக்கு எர்த் வேண்டும். எர்த் வயரைப் படலத்தின் மேலேயே வைத்து முடுக்கினால் கண்ணுக்கு இணைப்பு தெரியும். மின்சாரத்துக்கு இணைப்பு இல்லை. ஷாக் அடிக்கும்போதுதான் உண்மை தெரியும். எனவே வயர் பொருந்தும் ஓரங்குல இடத்தை மட்டும் உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, பல்வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மீட்டரால் சோதிக்கும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டும்.

மற்றொன்று, வெல்டிங். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் ஆக்சைடோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். தோலை நீக்காமல் பற்றவைத்தால் உள்ளே உலோகம் உருகி ஓடும், மேலே தோல் நிற்கும், இணைப்பு பிடிக்காது. பற்றவைக்கும் இடத்தை மட்டும் அரைத்து நீக்கினால் போதும். முழுச் சட்டத்தையும் உரிக்கத் தேவையில்லை.

மங்கிய ஷோகேஸை என்ன செய்வது?

முதலில் சட்டத்தின் மேல் இருப்பது அனோடைஸா, பவுடர் கோட்டிங்கா என்று அறிய வேண்டும். பின்பக்கத்தில் மறைவான ஓர் இடத்தைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். செதிலாகவோ தூளாகவோ பெயிண்ட் பெயர்ந்து வந்தால் பவுடர் கோட்டிங். உலோகப் பளபளப்பு தெரிந்து, கீறல் மட்டும் விழுந்தால் அனோடைஸ்.

அடுத்து, இருப்பது அழுக்கா, அரிப்பா என்று பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திர சோப்பைக் கலந்து, மெல்லிய துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு பல ஆண்டு ஏறியிருந்தால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். மங்கல் எனக் கருதியது பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

அரிப்பாக இருந்தால் மூன்று வழிகள் உள்ளன. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிடிமானம் உண்டாக்கி, மேலே பெயிண்ட் அடிப்பது ஒன்று. சட்டத்தின் மேல் ஒட்டும் வண்ணத் தாளை ஒட்டுவது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் பழைய தோலை உரிக்கத் தேவையில்லை. அது அடியில் இருப்பது நன்மையே.

மூன்றாவது, கழற்றிக் கூடத்துக்கு அனுப்பி உரித்து மறுபடி அனோடைஸ் செய்வது. கண்ணாடியைக் கழற்றும் கூலி, லாரி வாடகை, உரிக்கும் கூலி, மெருகுக் கூலி, அனோடைஸ் கூலி, திரும்பப் பூட்டும் கூலி ஆகிய அனைத்தையும் கூட்டிப் பாருங்கள். புதுச் சட்டத்துக்கு ஒரு விலை கேளுங்கள். பழைய சட்டத்தை எடைக்குப் போட்டால் கிடைக்கும் தொகையை அதில் கழியுங்கள். அலுமினியம் எடைக்கு நல்ல விலை போகும் சரக்கு என்பதை மறக்க வேண்டாம். இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் முடிவு தானே தெரியும். மெல்லிய சட்டம் ஏற்கெனவே அரித்திருந்தால் உரிப்பது வீண்; திருகாணித் துளைகள் மேலும் தளரும்.

காஸ்டிக் சோடாவும் ஆசிட்டும் விற்பவர்களுக்கு

"அலுமினியம் கலர் எடுக்க ஏதாவது கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்டு வந்தால் காஸ்டிக் சோடாவை எடுத்து நீட்டாதீர்கள். எதற்கு என்று கேட்டு, ஆபத்தைச் சொல்லுங்கள்.

காஸ்டிக் சோடா வெள்ளைச் செதிலாகவும் மணியாகவும் வருகிறது. பார்வைக்கு உப்பு, கற்கண்டு, ஜவ்வரிசி போலத் தோன்றும். உணவுச் சரக்கோடு ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. உதிரியாகப் பொட்டலம் கட்டியோ, குடிநீர் பாட்டிலில் கரைத்தோ தரக் கூடாது. அதை அள்ளிய கரண்டியை வேறு சரக்குக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஆசிட் விற்பனைக்கு 2013ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகள் உள்ளன. வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். வாங்கும் காரணத்தைக் கேட்டறிய வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. இருப்பைக் கோட்ட நிர்வாக நடுவரிடம் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ரூ.50,000 வரை அபராதம் விதிக்கலாம். சிறு கடைதானே என்று சட்டம் விட்டுவிடாது.

காரமோ அமிலமோ உடலில் பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக் கழுவியபடியே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. எலுமிச்சைச் சாறு, மோர் என்று கொடுத்துச் சோதிக்கவும் கூடாது. உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

சுருக்கமாக

1. வெள்ளையடிக்கும் முன்பும் சிமெண்டு வேலைக்கு முன்பும் அலுமினியச் சட்டங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். தெறித்துவிட்டால் காயும் முன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

2. அனோடைஸ் பொருளுக்குச் சோப்பு நீரே போதும். சோடா, சாம்பல், ஆசிட் மூன்றும் வேண்டாம்.

3. தராசுத் தட்டு, அளவை, குக்கர் ஆகியவற்றின் தோலை ஒருபோதும் உரிக்காதீர்கள்.

4. எர்த் இணைப்புக்கும் வெல்டிங்குக்கும் தேவையான இடத்தை மட்டும் தேய்த்து நீக்குங்கள்.

5. முழுதும் உரிக்க வேண்டுமானால் முறையான இசைவு பெற்ற கூடத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் புதுச் சட்டத்தின் விலையையும் கேளுங்கள்.

கடைக்கு அழகு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பத்து ரூபாய்ச் சோடாவால் பல ஆயிரம் ரூபாய்ச் சரக்கையும், கடைப் பையனின் கண்ணையும் பணயம் வைப்பது வணிகருக்கு அழகன்று. உறுப்பினர்கள் இக்கட்டுரையைத் தங்கள் கடைப் பணியாளர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.